இரவு 2 மணிக்கு யார் விழித்திருக்கிறார்கள்?

முதியோர் இல்லத்தில் சேர்க்கும் முன் ஒவ்வொரு குடும்பமும் கவனிக்க வேண்டியவை

முதியோர் இல்லம் ஒன்றைப் பார்க்கப் போகிறோம். அங்கே என்ன பார்க்கிறோம்?

வாசலில் பூச்செடிகள் இருக்கின்றன. தரை பளபளக்கிறது. சுவரில் சாமி படம் மாட்டியிருக்கிறது. நிர்வாகி கைகூப்பி வரவேற்கிறார். "உங்கள் தாயாரை எங்கள் தாயார் போலப் பார்த்துக்கொள்வோம்" என்கிறார். நம் மனம் நிறைந்து விடுகிறது. பணத்தைக் கட்டிவிட்டு ஊர் திரும்புகிறோம்.

இவை எல்லாம் பகல் நேரத்துக் காட்சிகள்.

ஓர் இல்லம் நல்ல இல்லமா என்பது பகல் 11 மணிக்குத் தெரியாது. இரவு 2 மணிக்குத்தான் தெரியும்!

இரவு 2 மணிக்கு ஒரு பாட்டி கழிப்பறைக்குப் போக எழுந்திருக்கிறார். வழியில் விளக்கு எரிகிறதா? கால் இடறினால் பிடித்துக்கொள்ளக் கைப்பிடி உண்டா? கூப்பிட்டால் யாராவது வருவார்களா? திடீரென்று புகை நாற்றம் அடித்தால் அதை முதலில் கண்டுபிடிப்பவர் யார்? நடக்க முடியாத 20 பேரை வெளியே தூக்கி வர எத்தனை கைகள் இருக்கின்றன?

இந்தக் கேள்விகளுக்குச் சரியான பதில் இருந்தால் அது நல்ல இல்லம். பதில் இல்லையென்றால், வாசலில் எத்தனை பூச்செடிகள் இருந்தாலும் பயன் இல்லை.

பெருகி வரும் இல்லங்கள்

ஒரு காலத்தில் முதியோர் இல்லம் என்றால், யாரும் அற்றவர்கள் தங்கும் இடம் என்றே நினைத்தார்கள். சென்னையில் 1978-ம் ஆண்டு சாவித்திரி வைத்தி அம்மையார் தொடங்கிய "விசிராந்தி" அப்படிப்பட்ட இல்லந்தான். ஆதரவற்ற மூதாட்டிகளுக்கு அது அடைக்கலம் கொடுத்தது.

இன்று நிலைமை மாறிவிட்டது. மகன் அமெரிக்காவில் இருக்கிறான். மகள் பெங்களூரில் வேலை பார்க்கிறாள். ஊரில் வயதான தாயும் தந்தையும் தனியாக இருக்கிறார்கள். ஒருவர் படுத்துவிட்டால் மற்றவரால் தூக்க முடியவில்லை.

2011-ம் ஆண்டு மக்கள் தொகைக் கணக்குப்படியே, இந்தியாவில் 60 வயது நிரம்பியவர்கள் 10 கோடிக்கு மேல் இருந்தார்கள். அதற்குப் பிறகு இந்தத் தொகை இன்னும் ஏறியிருக்கிறது. பணம் கட்டித் தங்கும் இல்லங்களும் பல ஊர்களில் தோன்றிவிட்டன.

பெற்றோரை இல்லத்தில் சேர்ப்பது சரியா, தவறா? அந்த வாதம் இங்கே வேண்டாம். சேர்ப்பது என்று ஒரு குடும்பம் முடிவு செய்துவிட்டால், அந்த இடம் பத்திரமான இடமா என்று பார்ப்பது அந்தக் குடும்பத்தின் கடமை.

எதைப் பார்ப்பது? எப்படிப் பார்ப்பது?

இதைத் தெரிந்துகொள்ள, முதலில் வெளிநாடுகளில் நடந்த மூன்று சம்பவங்களைப் பார்ப்போம். மூன்றும் பணக்கார நாடுகளில் நடந்தவை. மூன்றிலும் பிறகு விசாரணை நடந்தது. எது இருந்திருந்தால் உயிர்கள் பிழைத்திருக்கும் என்பதை விசாரணைகள் எடுத்துக் காட்டின.

தீ சிறிது, புகை பெரிது!

ஸ்காட்லாந்து நாட்டில் கிளாஸ்கோ நகருக்கு அருகே அடிங்ஸ்டன் என்ற ஊர் இருக்கிறது. அங்கே ஒரு முதியோர் இல்லம். 2004-ம் ஆண்டு ஜனவரி 31-ந் தேதி, பொழுது விடிவதற்கு முன்பு, எல்லோரும் தூங்கிக்கொண்டிருந்தார்கள்.

நடையில் இருந்த ஓர் அலமாரியில் தீப்பிடித்தது. அந்த அலமாரிக்குள் மின்சாரப் பெட்டி இருந்தது.

அபாய மணி அடித்தது. ஆனால் உடனே தீ அணைக்கும் படைக்குப் போன் போகவில்லை. எங்கே தீ என்று ஊழியர்கள் முதலில் தேடினார்கள். அதிலேயே விலை மதிப்பில்லாத நிமிடங்கள் கழிந்தன.

கட்டிடம் முழுவதும் எரிந்து சாம்பலாகிவிடவில்லை. ஆனால் கரும்புகை நடை முழுவதும் பரவியது. திறந்திருந்த கதவுகள் வழியாக அறைகளுக்குள் புகுந்தது. 14 முதியவர்கள் இறந்தார்கள்.

விசாரணை பல ஆண்டுகள் நீண்டது. 2011-ம் ஆண்டு முடிவு வெளிவந்தது. தீப்பிடித்தால் என்ன செய்வது என்ற சரியான திட்டம் அந்த இல்லத்தில் இருந்திருந்தால், இந்தச் சாவுகளைத் தடுத்திருக்க முடியும் என்று அதில் சொல்லப்பட்டது.

இதில் நமக்கு உள்ள பாடம் என்ன? தீ விபத்தில் பெரும்பாலும் ஆளைக் கொல்வது நெருப்பு அல்ல, புகை. அறைக் கதவு மூடியிருந்தால் புகை உள்ளே வர நேரம் பிடிக்கும். அந்த நேரத்தில் ஆட்களைக் காப்பாற்றலாம். மணி அடித்தவுடன் முதல் வேலை தீ அணைக்கும் படைக்குப் போன் செய்வது. தேடிப் பார்ப்பது எல்லாம் பிறகுதான். இதை இரவு ஊழியர்களுக்குச் சொல்லிக் கொடுத்திருக்க வேண்டும். ஒத்திகையும் பார்த்திருக்க வேண்டும்.

பாதி எரிந்தது, பாதி நின்றது!

இரண்டாவது சம்பவம் கனடா நாட்டில் நடந்தது. கியூபெக் மாகாணத்தில் லில்-வெர்ட் என்று ஒரு சிற்றூர். அங்கேயும் ஒரு முதியோர் இல்லம் இருந்தது. சுமார் 50 பேர் தங்கியிருந்தார்கள். பலர் சக்கர நாற்காலியிலோ, ஊன்றுகோல் உதவியாலோ நடமாடியவர்கள்.

2014-ம் ஆண்டு ஜனவரி 23-ந் தேதி. நள்ளிரவு தாண்டியிருந்தது. கடுங்குளிர், பூஜ்யத்துக்குக் கீழே சுமார் 20 டிகிரி! அந்த நேரத்தில் தீப்பிடித்தது.

தீயணைக்கப் பாய்ச்சிய தண்ணீர் பனிக்கட்டியாக உறைந்துவிட்டது. பிறகு சடலங்களைத் தேடியபோது, நீராவியைப் பாய்ச்சிப் பனிக்கட்டியை உருக்க வேண்டியிருந்தது. 32 பேர் இறந்தார்கள்.

இதில் கவனிக்க வேண்டிய விஷயம் ஒன்று உண்டு. அந்த இல்லத்துக்கு இரண்டு பகுதிகள். ஒன்று முதலில் கட்டியது. மற்றது பிறகு சேர்த்துக் கட்டியது. முதலில் கட்டிய பகுதி எரிந்து தரைமட்டம் ஆயிற்று. பிறகு கட்டிய பகுதி நின்றது!

காரணம் என்ன? பிறகு கட்டிய பகுதியில், கூரையில் தண்ணீர் தெளிக்கும் குழாய்கள் இருந்தன. இரண்டு பகுதிகளுக்கும் நடுவே தீயைத் தடுக்கும் சுவரும் இருந்தது. முதலில் கட்டிய பகுதியில் அந்தத் தண்ணீர்க் குழாய்கள் இல்லை.

அந்தக் குழாய் எப்படி வேலை செய்கிறது? குழாயின் வாயில் ஒரு சிறிய கண்ணாடிக் குப்பி இருக்கும். அதற்குள் ஒரு திரவம் இருக்கும். வெப்பம் ஏறியதும் திரவம் விரிந்து குப்பி உடையும். உடனே தண்ணீர் மழை போலக் கொட்டும். தீ உள்ள இடத்துக் குழாய் மட்டுமே திறக்கும். வீடு முழுவதும் நனையாது. ஆள் விழித்திருக்காவிட்டாலும் அது வேலை செய்யும்.

இந்தத் தீ விபத்துக்குப் பிறகு கியூபெக் அரசு, முதியோர் இல்லங்களில் இத்தகைய குழாய்களைக் கட்டாயமாக்கும் விதிகளைக் கொண்டு வந்தது. 32 உயிர்கள் போன பிறகு!

எதிரிலே ஆஸ்பத்திரி!

மூன்றாவது சம்பவத்தில் தீ இல்லை. இது அமெரிக்காவில், புளோரிடா மாநிலத்தில் நடந்தது.

2017-ம் ஆண்டு செப்டம்பர் மாதம் "இர்மா" என்ற பெரும்புயல் அடித்தது. ஹாலிவுட் என்ற ஊரில் (சினிமாப் படம் எடுக்கும் ஹாலிவுட் வேறு) ஒரு முதியோர் மருத்துவ இல்லம் இருந்தது. புயலில் அதன் குளிர்சாதன எந்திரத்துக்குப் போகும் மின்சாரம் நின்றுவிட்டது.

ஒரு நாள் ஆயிற்று. இரண்டு நாள் ஆயிற்று. உள்ளே வெப்பம் ஏறிக்கொண்டே போனது. முதியவர்களின் உடம்பு அந்த வெப்பத்தைத் தாங்கவில்லை. மூன்றாவது நாள் ஒருவர் பின் ஒருவராகச் சாய்ந்தார்கள். அந்த வெப்பத்தினால் 12 பேர் இறந்தார்கள்.

தெருவைத் தாண்டினால் ஒரு பெரிய ஆஸ்பத்திரி. அங்கே மின்சாரம் இருந்தது; குளிர்சாதனமும் ஓடியது! அங்கே முன்பே கொண்டுபோயிருந்தால் பலர் பிழைத்திருப்பார்கள்.

அந்த இல்லம் மூடப்பட்டது. 2018-ம் ஆண்டு புளோரிடா அரசு புதிய சட்டம் போட்டது. இத்தகைய மருத்துவ இல்லங்களில் ஜெனரேட்டர் இருக்க வேண்டும். 96 மணி நேரம், அதாவது 4 நாட்கள், உள்ளே வெப்பம் 27 டிகிரிக்கு மேல் போகாமல் காக்க வேண்டும். இதுவே அந்தச் சட்டம்.

சித்திரை வெயிலில் கரண்டு நின்றால் நமக்கே மூச்சு முட்டுகிறது. 80 வயதுக்காரருக்கு எப்படி இருக்கும்? வயதானவர்களுக்குத் தாகம் எடுப்பதே குறைவு. வியர்வையும் குறைவு. அவர்களுடைய உடம்பு சூடேறுவது பக்கத்தில் இருப்பவருக்கும் சட்டென்று தெரியாது.

நம் நாட்டில் நடந்தது

இவை எல்லாம் எங்கோ நடந்தவை என்று நினைத்துவிட வேண்டாம்.

2001-ம் ஆண்டு ஆகஸ்டு 6-ந் தேதியை ராமநாதபுரம் மாவட்ட மக்கள் மறக்க மாட்டார்கள். ஏர்வாடியில் மனநோயாளிகளைத் தங்க வைத்திருந்த ஒரு கீற்றுக் கொட்டகை, விடியற்காலையில் தீப்பற்றி எரிந்தது. 28 பேர் மாண்டார்கள். சங்கிலியால் கட்டப்பட்டிருந்ததால் ஓட முடியாமல் கருகியவர்கள் பலர்.

அது முதியோர் இல்லம் அல்ல. ஆனால் பாடம் ஒன்றுதான். தங்களைத் தாங்களே காப்பாற்றிக்கொள்ள முடியாதவர்களை ஓரிடத்தில் வைத்திருக்கிறோம். அந்த இடத்தை யாரும் வந்து சோதிக்கவில்லை. அந்தத் தீக்குப் பிறகுதான் சுப்ரீம் கோர்ட்டு தானாகவே வழக்கை எடுத்துக்கொண்டது. அனுமதி இல்லாத காப்பகங்கள் மூடப்பட்டன.

2023-ம் ஆண்டு ஜனவரி 1-ந் தேதி, புத்தாண்டு அன்று, டெல்லியில் கிரேட்டர் கைலாஷ் பகுதியில் ஒரு முதியோர் இல்லத்தில் விடியற்காலையில் தீப்பிடித்தது. இரண்டு மூதாட்டிகள் உயிர் இழந்தார்கள். அது வசதி படைத்தவர்கள் வாழும் பகுதி. பணம் இருந்தால் பத்திரமும் தானாக வந்துவிடும் என்று சொல்ல முடியாது.

இந்த நான்கு தீ விபத்துகளையும் பாருங்கள். எல்லாம் இரவிலோ, விடியற்காலையிலோ நடந்தவை.

சட்டம் என்ன சொல்கிறது?

பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்பு, நலச் சட்டம் 2007-ம் ஆண்டு நிறைவேறியது. 60 வயது நிரம்பியவர் மூத்த குடிமகன் என்று அந்தச் சட்டம் சொல்கிறது.

ஏழை முதியோருக்காக மாவட்டத்துக்கு ஓர் இல்லமாவது மாநில அரசு அமைக்கலாம். அதில் குறைந்தது 150 பேர் தங்க இடம் வேண்டும் என்று அதில் இருக்கிறது. "அமைக்க வேண்டும்" என்று இல்லை. "அமைக்கலாம்" என்றுதான் இருக்கிறது!

2018-ம் ஆண்டு டிசம்பர் 13-ந் தேதி சுப்ரீம் கோர்ட்டு ஒரு தீர்ப்புக் கூறியது. முன்னாள் சட்ட மந்திரி அசுவனி குமார் போட்ட வழக்கு அது. எந்த மாவட்டத்தில் எத்தனை முதியோர் இல்லங்கள் இருக்கின்றன, முதியோருக்கு என்ன மருத்துவ வசதி இருக்கிறது என்று எல்லா மாநிலங்களிடமும் கேட்டுச் சொல்லும்படி மத்திய அரசுக்குக் கோர்ட்டு உத்தரவிட்டது.

இந்தச் சட்டத்தை ஒட்டி மத்திய அரசு மாநிலங்களுக்கு மாதிரி விதிகளை அனுப்பியது. ஏழை முதியோர் இல்லத்தில் ஒருவருக்குப் படுக்கை இடம் மட்டும் 7.5 சதுர மீட்டர் வேண்டும் என்கின்றன அந்த விதிகள். அது ஏறக்குறைய 8 அடிக்கு 10 அடி. சமையல் அறை, சாப்பாட்டு அறை, மருத்துவ அறை எல்லாம் சேர்த்துக் கணக்கிட்டால் ஆளுக்கு 18 சதுர மீட்டர். படி ஏற முடியாதவர்களுக்குச் சாய்தளமும், கைப்பிடியும் இருக்க வேண்டும்.

தனியார் இல்லங்கள் எல்லாவற்றுக்கும் பதிவையும், குறைந்தபட்சத் தரத்தையும் நாடு முழுவதும் கட்டாயமாக்க 2019-ம் ஆண்டு ஒரு திருத்த மசோதா லோக்சபாவில் கொண்டுவரப்பட்டது. அது நிறைவேறவில்லை. 2024-ம் ஆண்டு அந்த லோக்சபாவின் காலம் முடிந்தபோது மசோதாவும் காலாவதி ஆகிவிட்டது.

ஆகவே, அரசாங்கம் பார்த்துக்கொள்ளும் என்று சும்மா இருந்துவிட முடியாது. குடும்பத்தாரும் கண்ணை விரித்துப் பார்க்க வேண்டும்.

தீயைவிடப் பெரிய பகைவர்கள்

தீ எப்போதோ ஒரு முறை வருவது. தினமும் வரும் ஆபத்துகள் வேறு உண்டு.

முதலாவது, விழுதல். ஈரத் தரை, மங்கிய விளக்கு, தளர்ந்த செருப்பு, தூக்க மாத்திரை - இவற்றில் ஒன்று போதும். இடுப்பு எலும்பு முறிந்தால் பலர் பழையபடி நடப்பதே இல்லை. கழிப்பறையில் கைப்பிடியும், வழுக்காத தரையும், இரவு முழுவதும் எரியும் சிறு விளக்கும் இருந்தால் பாதி ஆபத்து குறையும். இதற்கு ஆகும் செலவு அதிகம் இல்லை.

இரண்டாவது, படுக்கைப் புண். எழுந்திருக்க முடியாதவர் ஒரே பக்கமாகப் படுத்திருந்தால், எலும்பு அழுத்தும் இடத்தில் ரத்த ஓட்டம் நின்றுவிடும். முதலில் தோல் சிவக்கும். பிறகு புண்ணாகும். கவனிக்காவிட்டால் எலும்பு வரை போகும். குதிகால், இடுப்பு, முதுகின் அடிப்பகுதி ஆகிய இடங்களில் இது வரும். சுமார் இரண்டு மணிக்கு ஒரு முறை புரட்டிப் படுக்க வைக்க வேண்டும். இரவிலும் அப்படித்தான்! புரட்ட ஆள் இல்லாத இல்லத்தில் புண் வராமல் இருக்காது.

மூன்றாவது, மருந்து. ஒருவருடைய மாத்திரையை இன்னொருவருக்குக் கொடுத்துவிடும் ஆபத்து உண்டு. ஒவ்வொருவருக்கும் தனிப் பெட்டி வேண்டும். எந்த நேரத்தில் எது கொடுத்தோம் என்று எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். சத்தம் போடுகிறார் என்பதற்காக, டாக்டர் சொல்லாமல் தூக்க மருந்து கொடுப்பது பெரும் குற்றம்.

நான்காவது, சாப்பாடு. வாதம் வந்தவர்களுக்கும், மறதி நோய் முற்றியவர்களுக்கும் விழுங்குவது கடினம். படுத்தபடியே ஊட்டினால் உணவு நுரையீரலுக்குள் போய்விடும். நிமிர்த்தி உட்கார வைத்து, குழைத்த சோற்றைச் சிறிது சிறிதாக ஊட்ட வேண்டும். அவசரப்பட்டால் ஆபத்து.

ஐந்தாவது, கட்டிப் போடுதல். "விழுந்துவிடுவார், ஓடிவிடுவார், அதனால்தான் கட்டினோம்" என்பார்கள். கட்டப்பட்டவர் அவிழ்த்துக்கொள்ளப் போராடிக் கழுத்து இறுகி இறந்தது உண்டு. ஊழியர்களின் வசதிக்காக முதியவர்களைக் கட்டிப் போடக்கூடாது என்று அமெரிக்காவில் 1987-ம் ஆண்டே சட்டம் செய்தார்கள். அதன் பிறகு அங்கே கட்டிப் போடும் வழக்கம் வெகுவாகக் குறைந்தது. கட்டுவது இல்லாமலே பார்த்துக்கொள்ள முடியும் என்பது அதிலிருந்து தெரிகிறது.

எத்தனை கைகள்?

மேலே சொன்ன எல்லாவற்றுக்கும் அடிப்படை ஒன்றே. போதுமான ஆட்கள் வேண்டும்.

ஓர் ஆயா எவ்வளவு அன்பானவராக இருந்தாலும், 30 பேரை ஒருவரே புரட்ட முடியாது, ஊட்ட முடியாது, கழிப்பறைக்கு அழைத்துப் போக முடியாது. அவர் கோபக்காரராக மாறுவதற்குக் கூடக் களைப்புத்தான் காரணமாக இருக்கும்.

ஆஸ்திரேலியாவில் முதியோர் இல்லங்களைப் பற்றி ஒரு பெரிய விசாரணைக் கமிஷன் அமைத்தார்கள். 2019-ம் ஆண்டு அது தன் இடைக்கால அறிக்கையை வெளியிட்டது. அந்த அறிக்கைக்கு வைத்த பெயர் ஒரே வார்த்தை: "அலட்சியம்".

இறுதி அறிக்கை 2021-ம் ஆண்டு வந்தது. அதன் பிறகு அந்த நாட்டில் நிமிடக் கணக்கில் விதி செய்தார்கள். 2023-ம் ஆண்டு ஜூலை மாதம் முதல், 24 மணி நேரமும் ஒரு நர்சு இல்லத்தில் இருக்க வேண்டும் என்று விதி வந்தது. 2024-ம் ஆண்டு அக்டோபர் மாதம் முதல், ஒரு முதியவருக்கு ஒரு நாளைக்குச் சராசரி 215 நிமிட நேரக் கவனிப்பு வேண்டும். அதில் 44 நிமிடம் பதிவு பெற்ற நர்சின் கவனிப்பாக இருக்க வேண்டும் என்றார்கள்.

அன்பை நிமிடத்தில் அளக்கலாமா என்று சிலர் கேட்கலாம். அளக்காதபோது என்ன நடந்தது என்பதைத்தான் அந்த அறிக்கை சொல்கிறது.

இங்கிலாந்தில் இன்னொரு ஏற்பாடு உண்டு. அரசு ஏற்படுத்திய தணிக்கைக் குழு இல்லங்களைச் சோதித்துத் தரம் கொடுக்கிறது. மிக நன்று, நன்று, திருத்தம் தேவை, போதாது என்று நான்கு படிகள். 2015-ம் ஆண்டு ஏப்ரல் முதல், அந்தத் தரத்தை இல்லத்தில் எல்லோர் கண்ணிலும் படும்படி ஒட்டி வைக்க வேண்டும். பள்ளிக்கூடத்து மார்க்கு அட்டை போல! உள்ளே நுழைபவர் யாரும் அதைப் படித்துக்கொள்ளலாம்.

நீங்கள் பார்க்க வேண்டிய 10 விஷயங்கள்

நம் ஊரில் வாசலில் மார்க்கு அட்டை இல்லை. ஆகவே மார்க்கை நீங்களே போடுங்கள்.

1. பதிவுச் சான்றிதழைக் காட்டச் சொல்லுங்கள். தேதி முடிந்துவிட்டதா என்று பாருங்கள். சந்தேகம் இருந்தால் மாவட்ட சமூக நல அலுவலகத்தில் விசாரியுங்கள்.

2. இரவில் எத்தனை பேர் வேலை பார்க்கிறார்கள் என்று கேளுங்கள். அவர்கள் விழித்திருப்பவர்களா, அங்கே படுத்துத் தூங்குபவர்களா என்றும் கேளுங்கள்.

3. வெளியே போகும் வழிகளை எண்ணுங்கள். இரண்டு வழியாவது வேண்டும். இரண்டாவது கதவைத் திறந்து காட்டச் சொல்லுங்கள். பூட்டு தொங்கினாலும், சாமான் அடைத்திருந்தாலும் அது வழி அல்ல.

4. தீ அணைக்கும் கருவி இருக்கிறதா? அதன் மேல் உள்ள தேதி என்ன? கடைசியாக எப்போது ஒத்திகை பார்த்தார்கள்? புகை வந்தால் அடிக்கும் மணி உண்டா?

5. நடக்க முடியாதவர்களை எந்த மாடியில் வைத்திருக்கிறார்கள்? தரைத் தளமே நல்லது.

6. கழிப்பறைக்குள் போய்ப் பாருங்கள். கைப்பிடியைப் பிடித்து ஆட்டிப் பாருங்கள். கதவை வெளியில் இருந்து திறக்க முடியுமா என்று கேளுங்கள்.

7. படுக்கைக்கு அருகில் கூப்பிடு மணி உண்டா? அதை அழுத்துங்கள். எத்தனை நிமிடத்தில் ஆள் வருகிறார் என்று கடிகாரத்தைப் பாருங்கள்.

8. சாப்பாட்டு நேரத்தில் போங்கள். உண்பவர்களின் தட்டைப் பாருங்கள். தானாகச் சாப்பிட முடியாதவருக்கு யார் ஊட்டுகிறார்கள்? குடிதண்ணீர் கைக்கு எட்டும் இடத்தில் இருக்கிறதா?

9. டாக்டர் எப்போது வருவார்? இரவில் நெஞ்சு வலி வந்தால் எந்த ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போவார்கள்? கரண்டு நின்றால் ஜெனரேட்டர் எத்தனை மணி நேரம் ஓடும்?

10. அங்கே ஏற்கெனவே இருக்கும் முதியவர்களோடு தனியாகப் பேசுங்கள். பேச விடாவிட்டால் அந்த இல்லம் வேண்டாம்.

பணம் கட்டும்போது எல்லாவற்றையும் எழுத்தில் வாங்குங்கள். மாதக் கட்டணம் எவ்வளவு? அதில் எது எது அடக்கம்? முன்பணம் திரும்பக் கிடைக்குமா? நோய் முற்றினால் வெளியே அனுப்பிவிடுவார்களா? வாயால் சொன்னதைப் பிறகு இல்லை என்று சொல்லிவிடலாம். காகிதத்தில் இருந்தால் முடியாது.

சேர்த்த பிறகு என்ன?

இல்லத்தில் சேர்த்ததோடு வேலை முடிந்துவிடவில்லை. அப்போதுதான் தொடங்குகிறது.

சொல்லாமல் போங்கள். ஒரு நாள் காலையில் போங்கள்; இன்னொரு நாள் மாலையில் போங்கள். வெளியூரில் இருப்பவர்கள், உள்ளூரில் இருக்கும் உறவினரையோ நண்பரையோ அனுப்புங்கள். அடிக்கடி ஆள் வந்து பார்க்கும் முதியவரை ஊழியர்கள் கூடுதலாகக் கவனிப்பார்கள். இது உலக இயல்பு.

போனவுடன் கையைப் பிடித்துப் பேசுங்கள். நகம் வெட்டியிருக்கிறதா, உதடு காய்ந்திருக்கிறதா, உடம்பில் கன்றிப்போன அடையாளம் உண்டா என்று பாருங்கள். குதிகாலையும் முதுகையும் பாருங்கள். முன்பைவிட மெலிந்திருந்தால், எடை என்ன என்று கேளுங்கள். பேசும் பழக்கம் உள்ளவர் திடீரென்று பேசாமல் இருந்தாலும், எப்போதும் தூங்கி வழிந்தாலும் காரணத்தைக் கேட்காமல் திரும்பாதீர்கள்.

உங்கள் தாயார் ஒரு குறை சொன்னால், "அனுசரித்துப் போங்கள்" என்று உடனே சொல்லிவிடாதீர்கள். முழுவதும் கேளுங்கள். அவர் சொல்வதை வெளியே கொண்டு போக உங்களை விட்டால் வேறு ஆள் இல்லை.

யாரிடம் சொல்வது?

குறை இருந்தால் முதலில் நிர்வாகியிடம் எழுத்தில் கொடுங்கள். ஒரு நகலை வைத்துக்கொள்ளுங்கள். அதில் பலன் இல்லாவிட்டால் மாவட்ட சமூக நல அலுவலரிடமோ, கலெக்டரிடமோ மனுக் கொடுக்கலாம்.

முதியோருக்கு என்றே ஒரு டெலிபோன் நம்பர் இருக்கிறது. அது 14567. நாடு முழுவதற்கும் பொதுவானது. 2021-ம் ஆண்டு அக்டோபர் 1-ந் தேதி தொடங்கப்பட்டது. காசு கிடையாது. காலை 8 மணி முதல் இரவு 8 மணி வரை பேசலாம். அவசரம் என்றால் 112. தீ என்றால் 101. ஆம்புலன்சுக்கு 108.

பிள்ளைகள் கவனிக்காவிட்டால், ஆர்.டி.ஓ. தலைமையிலான தீர்ப்பாயத்தில் பெற்றோரே மனுச் செய்யலாம். மாதம் 10 ஆயிரம் ரூபாய் வரை பராமரிப்புத் தொகை தரும்படி உத்தரவிட 2007-ம் ஆண்டுச் சட்டத்தில் இடம் உண்டு. தன் பொறுப்பில் உள்ள முதியவரைக் கைவிட்டு ஓடுபவருக்கு 3 மாதம் வரை ஜெயில், அல்லது 5 ஆயிரம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டுமே கிடைக்கலாம்.

இந்த நம்பர்களைப் பெரிய எழுத்தில் ஒரு காகிதத்தில் எழுதுங்கள். இல்லத்தில் இருக்கும் உங்கள் தாய் தந்தையரின் தலையணைப் பக்கத்தில், அவர்கள் கண்ணில் படும்படி ஒட்டி வையுங்கள். உங்களுடைய நம்பரை முதலில் எழுதுங்கள். இரவு 2 மணிக்கு அந்த நம்பரில் இருந்து மணி அடித்தால், எழுந்து பேசுங்கள்.